ஒரு கன்னத்துக்கு ஒரு மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஆண்களுக்கான சட்டை, வாட்ச், பைக் என்று எது வந்தாலும் பயன்படுத்திப் பார்த்து, அறையிலிருந்தே பத்திரிகைக்கு நிறைகுறை எழுதுவதுதானே என் பிழைப்பு. இந்த முறை இரண்டு ஷேவிங் மெஷின்கள் வந்தன. "கன்னத்துக்கு ஒண்ணா ஒரு வாரம் போட்டுப் பாருங்க, மாத்திடாதீங்க" என்று ஆசிரியர் போனில் சொன்னார். இடது கன்னம் வழவழவென்று ஆனது. வலது கன்னம் தேங்காய் மட்டைதான். சின்னக் கீறல் ஒன்று, பயப்படாதே.

அந்த முகத்தோடு பஸ்ஸில் போனேன், கடைக்குப் போனேன், பக்கத்து அறைக்காரரோடு தினமும் லிஃப்டில் இறங்கினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயாக இருந்தால் நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னடா மூஞ்சி இது, எலி கடிச்ச மாதிரி?" என்றிருப்பாய்.

கீறலுக்குத் தடவக் கொஞ்சம் படிகாரம் அனுப்பு. இதோடு என் போட்டோ வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் பரவாயில்லை என்று நீயும் அப்பாவும் பார்த்துச் சொல்லுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, சீக்கிரம் பதில் போடு. கட்டுரையில் 'பார்த்தவர்கள் சொன்னது' என்று ஒரு பகுதி உண்டு. அது இன்னும் காலியாகவே இருக்கிறது.

உன் மகன்