பின்னறைக்கு அனுமதி இல்லை

என் அன்பான அண்ணை,

இதை நானே எழுதுகிறேன். இந்த வயதில் உங்கள் தம்பிக்கு எழுத்து வந்துவிட்டது! ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோசம் தாங்கவில்லை. பார்க்க நீங்கள்தான் உயிரோடு இல்லை.

உங்கள் மகள் மலருக்குச் சீதனமாகக் கொடுத்த ஓர்ஸ் ஹில் வீட்டை விற்கப் பார்க்கிறோம். சுற்றிவளைப்பில் ராணுவம் பிடித்துக்கொண்டுபோன மருமகன் இன்னும் திரும்பவில்லை. மலர் பிள்ளையோடு இந்தியாவுக்குப் போக நிற்கிறாள்.

கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரிக்கு வீடு பிடித்துவிட்டது. நகரசபை அனுமதித்த வீட்டு வரைபடத்தை விரித்தார். நான் பெருமையாக விரல் வைத்து வாசித்தேன். விறாந்தை, கூடம், குசினி. "பின்னறை எங்கே?" என்று நானேதான் உரக்கக் கேட்டேன். வாசிக்கத் தெரியாத கிழவனாகவே இருந்திருக்கக் கூடாதா, அண்ணை?

மலரின் கலியாணத்துக்காக அந்த அறையை நீங்கள் கட்டிய நாள் ஞாபகம் வந்தது. சீமெந்து வாங்க ராணுவம் அனுமதி தந்திருந்தது. கட்டடத்துக்கு நகரசபை தரவில்லை. "அதுவும் வரட்டும் எண்டு பாத்திருந்தா மூட்டையெல்லாம் கல்லாப்போயிடுமடா. பிறகு மூட்டையை அடுக்கித்தான் சுவர் வைக்கோணும்" என்று சிரித்துக்கொண்டே அத்திவாரம் வெட்டினீர்கள்.

இப்போதாவது அனுமதி எடுக்கலாமென்று நகரசபைக்குப் போனேன்.

"ஆள் வந்து அளக்கவேணும், ஐயா. உங்கட வீட்டு ஒழுங்கை நேவி காம்புக்குப் பக்கத்திலையெல்லோ? அங்கை நான் நாடாவைப் பிடிச்சா அவங்கள் என்னைப் பிடிப்பாங்கள்" என்றார் இலிகிதர்.

வியாபாரி நல்ல மனிதர். "இப்பிடியே வாங்கினா நாளைக்கு என்னைத்தான் இடிக்கச் சொல்லுவாங்க. நீங்களே இடிச்சித் தாங்க, உறுதிப்பத்திரம் எழுதுவம்" என்றார்.

மலரிடம் சொன்னேன்.

"அவர் வந்தா அந்த அறைக்குத்தானே வருவார், சித்தப்பா?"

பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இடியுங்கோ. இவனை வச்சுக்கொண்டு இனி இங்கை இருக்க ஏலாது."

கட்டவும் விடவில்லை, விற்கவும் விடவில்லை. இது என்ன காலம், அண்ணை? யாரிடம் போய்க் கேட்பது?

கூலிக்கு ஆள் பிடிக்கமாட்டேன். நீங்கள் வைத்த கற்களை நானே கழற்றுவேன். மலரைக் கப்பலேற்றிவிட்டுச் சல்லிக் கிராமத்தில் ஒரு மூலையில் இருப்பேன். யாராவது வந்து கேட்டால் அங்கே அனுப்பும்படி வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். மருமகன் வரும்போது, அவள் எங்கே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதுவரை உங்களிடம் வரமாட்டேன்.

உங்கள் தோளில் ஏறி வளர்ந்த தம்பி,
கணபதிப்பிள்ளை