பெரிய பங்களாவின் சந்து

என் தங்க அம்மாவுக்கு,

பெரிய பங்களாவுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன், அம்மா. களை பறிக்க இல்லை, இன்ஜினீயராக. இதைக் கேட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரித்து முடி, மீதியைச் சொல்கிறேன். மீதி சிரிக்கிற விஷயம் இல்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த வீட்டை, பெரியவரின் பேரன் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றுகிறான். செங்கம் ரோட்டில் நான் சீர்செய்த ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தான். பழைய கட்டடங்களை இடிக்காமல் மீட்பதுதான் இப்போது என் பிழைப்பு. நான் யார் மகள் என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அழகான வீடு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் முகப்பை நீ நின்று பார்த்திருக்க மாட்டாய். ஏறிப் போக ஐந்து கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒரே கல். உள்ளே தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், இத்தனை மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கூடத்துச் சுண்ணாம்புப் பூச்சில் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. அதற்குப் பின்னால் உன் தோட்டம். மூன்று பக்கமும் மதில், இரண்டு ஆள் உயரம். நீ வைத்த சப்போட்டா இன்னும் காய்க்கிறது.

அந்தத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வர இரண்டு வழி. ஒன்று கூடத்துக் கதவு. நேராக நடந்தால் நாற்பது எட்டில் முன்வாசல். இன்னொன்று மதில் மூலையில் உள்ள குட்டைக் கதவு. அதைத் தாண்டினால் மாட்டுக்கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு சந்து, இரண்டு இடத்தில் மடங்கி, சாக்கடையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வரும். நம்மைப் போன்றவர்கள் வருவதும் போவதும் விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் அதன் அகலத்தை எழுதினேன், இரண்டரை அடி. அந்த மூலையில் கட்டில் திரும்பாது என்பது அளவெடுக்காமலே எனக்குத் தெரியும்.

அன்று காலை கிணற்றடியில் உன்னை நல்ல பாம்பு கடித்தது. அண்ணன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து உன்னைக் கிடத்தினான். நான் ஓடிப்போய்க் கூடத்துக் கதவைத் தட்டினேன். உள்ளே பெரியவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். முன்வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. பட்டு வேட்டியோடு பெரியவர் வந்தார். உன்னைப் பார்த்தார். நீயும் அவரைப் பார்த்தாய், உனக்கு இன்னும் நினைவு தப்பவில்லை.

"நல்ல காரியம் நடக்கசொல்ல உள்ளாற எப்டி தூக்கினு போறது? பின்னால எடுத்துனு போங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

முதல் மடக்கிலேயே கட்டில் சிக்கிக்கொண்டது. முன்னால் தள்ளவும் முடியவில்லை, பின்னால் இழுக்கவும் முடியவில்லை. கடைசியில் அண்ணன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு சாக்கடையைத் தாண்டினான். ஆஸ்பத்திரி வாசலில் உன் கை என் கையிலிருந்து நழுவியது. அந்தக் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாயா? இத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது பெரியவரால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். யாராவது தூக்கினால் இடுப்பு வலி தாங்காமல் கத்துகிறார். முன்வாசலில் ஒரு சாய்தளம் போடச் சொல்லிப் பேரன் கேட்டான்.

"அந்தப் படில கை வெச்சா பங்களாவோட மதிப்பே போயிடும் தம்பி. பின்னால ஒரே படிதான். சந்து வழியா சுலபமா போட்டுடலாம்," என்றேன்.

படியில் ஒரு கீறல் விழாமல், கழற்றி மாட்டுகிற மரச் சாய்தளத்தை ஒரே நாளில் வைத்துவிடலாம். எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். என் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. கூசவே இல்லை, அம்மா. நாற்காலி திரும்பும் அளவுக்கு மட்டும் அந்த மூலைகளை வெட்டிக் கொடுத்தேன்.

முன்பெல்லாம் பௌர்ணமி என்றால் பெரியவர் முன்வாசல் படியில் நின்று, போகிற வருகிறவர்களின் கும்பிடுகளை வாங்கிக்கொள்வாரே. போன பௌர்ணமி சாயங்காலம் சாக்கடை ஓரமாக, சந்து வழியே வெளியே வந்தார். கூட்டத்தில் ஒருத்தர், "ஓரமா தள்ளுங்க பெரியவரே, வழில நிக்கிறீங்க," என்றார். இதைப் பார்ப்பதற்காகவே நான் அங்கே காத்திருந்தேன். வயிறு நிறைந்தது.

என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா, முன்வாசல் இருக்கசொல்ல என்னை ஏன் சந்துல தள்ளினு வரானுங்க?"

"ஐயா, தோட்டத்துல வேலை செஞ்ச முனியம்மாவ ஞாபகம் இருக்குதுங்களா? பாம்பு கடிச்சு செத்துட்டாங்களே."

"எந்த முனியம்மா? எத்தினியோ பேரு வந்தாங்க, போனாங்க."

"உங்க பொண்ணு நிச்சயதார்த்தம் அன்னிக்கி."

அவர் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, அன்னிக்கி சாப்பாடு! பந்தி முடியவே இல்ல. மழை வந்துடும்னு பயந்துனு இருந்தோம், ஒரு தூறல் இல்ல."

உன் பேரை மட்டும் அவர் நினைவில் வைத்திருந்தால், மறுநாளே முன்வாசலில் சாய்தளப் பலகை போடச் சொல்லியிருப்பேன். அந்த முடிவோடுதான் கேட்டேன். மழை வராதது வரைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது.

அண்ணன் விஷயம் தெரிந்து வருத்தப்படுகிறான். "வயசானவரு, விட்டுடு செல்வி. அம்மா இருந்தா இப்டி செய்ய வுடுமா?" என்கிறான். விட மாட்டாய்தான். என் தலையில் ஒரு குட்டு வைத்து நீயே அந்தப் பலகையைத் தூக்கி வந்திருப்பாய். ஆனால் தடுக்க நீ இல்லையே.

நேற்று பேரன் போன் செய்தான். யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். "மேடம், மரத்துல போட்டா கல்லுக்கு ஒண்ணும் ஆகாதாமே?"

"யாரு சொன்னா? அந்தக் கல்லு தாங்காது," என்றேன்.

ஒருநாள் பெரியவர் செத்துப்போவார். அன்றைக்கு முன்வாசலை அகலத் திறந்து, பூப்போட்டு, மேளத்தோடு அந்த ஐந்து படிகளிலும் இறக்குவார்கள். இறக்கட்டும், நான் குறுக்கே வர மாட்டேன். உன் பிணத்துக்கா நான் அந்த வழியைக் கேட்டேன்? உயிர் இருக்கும்போதுதானே கேட்டேன். அவர் உடம்பில் உயிர் இருக்கும் வரைக்கும் உன் சந்து வழியாகத்தான் போவார், வருவார். இது நான் உனக்குச் செய்து தரும் சத்தியம், அம்மா.

அன்று அந்தக் கதவைத் தட்டிய
உன் மகள்,
செல்வி