படித்துக் காட்டாத கைநாட்டு

கண்ணில் மருந்து விட்டு எழுத்தெல்லாம் கலங்கியிருந்த நேரத்தில், மருத்துவமனைப் பெண் என் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினாள். "ஆபரேசனுக்குத்தான் ஆயா, வைங்க." கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்த மை வாசனையில் உங்கள்மேல் இருந்த பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

அறுபதுகளில், நமக்குக் கல்யாணமான புதிதில், செஞ்சியில் குடியிருந்தோம். பொதுச் சுகாதாரத்தில் மேல்பட்டத்துக்காக, சிங்கவரத்தில் சோகை பற்றி ஆராய வீடுவீடாக ரத்தம் எடுத்தீர்கள். மற்ற டாக்டர்கள் கேட்காமலே ஊசி குத்திய காலம். நீங்கள் சம்மதத்தாள் எழுதினீர்கள். கைநாட்டு வாங்கும் வேலையை மட்டும் மணியக்காரரிடம் விட்டீர்கள். ஆய்வேடு முழுவதையும் நான்தான் தட்டச்சு செய்தேன், ஒரு பிழையில்லாமல்.

அதைக் கொடுக்க ஒரு வாரம் இருக்கையில், கடைத்தெருவில் சிங்கவரத்துப் பெண் ஒருத்தி நம்மை நிறுத்தினாள்.

"டாக்டரே, கைநாட்டு வெச்சிட்டோமே, இனிமே ரேசன நிறுத்த மாட்டாங்கதானே?"

"தாள்ல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டலியா?" என்றீர்கள்.

"மணியக்காரரு வைன்னாரு, வெச்சோம்."

அதோடு விட்டீர்களா? சைக்கிளில் போய் ஒவ்வொரு வாசலிலும் தாளைப் படித்தீர்கள். வேண்டாமென்றாலும் ரேசன் நிற்காது என்றீர்கள். பாதிப் பேருக்குமேல் வேண்டாமென்றார்கள். மீதிப் பேரின் ரத்தம் ஆய்வுக்குப் போதவில்லை. "கைநாட்டு இருக்கே, போதாதா?" என்றார் உங்கள் பேராசிரியர். "கைநாட்டு இருக்குது சார், சம்மதம் இல்ல" என்றீர்கள்.

பட்டம் போனது. உங்களிடம் படித்தவர்கள் துறைத் தலைவர்களானார்கள். நீங்கள் விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றீர்கள். மதிய வகுப்பில் சம்மதத்தைப் பற்றிப் பேசி மாணவர்களைத் தூங்கவைத்தீர்கள். இப்போது அதுவே மருத்துவ அறவியல் என்று தனிப்பாடமாம். உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை.

அதைக்கூடப் பொறுப்பேன். ஊர் முழுக்கச் சம்மதம் கேட்ட மனிதர், நான் அடித்த பக்கங்களைக் கிழிக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விரலை இழுத்துக்கொண்டேன். "முதலில் படி."

"எல்லாரும் வெச்சிட்டுப் போறாங்க, உங்களுக்கு மட்டும் இன்னா ஆயா?"

படிக்கவைத்தேன். கடைசி வரியில், என் கண்ணின் படத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம். "வேண்டாமென்றால்?" என்றேன்.

"ஆபரேசன் நடக்கும். ஆனா யாரும் இப்படிக் கேட்டதில்ல."

எனக்குப் பின்னால் நின்றவள், "எனக்கும் படிச்சுக் காட்டும்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். வரிசை நகரவே இல்லை. பகல் சாப்பாடு தவறிப்போனது. எல்லாம் உங்களால்தான்.