மேட்டுத் தொட்டியில் ஆள் இறங்கிய வாரம்

2.7.1985, செவ்வாய்

எங்க தோட்டத்து மேட்டுத் தண்ணித்தொட்டியைக் கழுவ ஈப்போவிலிருந்து ஆள் வருதாம். தண்ணியைத் திறந்து விடாமலே உள்ளே முக்குளிச்சு, அடிச்சேற்றைக் குழாய் வச்சு உறிஞ்சி எடுப்பாங்களாம். ரப்பர் ஆலைக்கும் புது வீடுகளுக்கும் ஒரு நாள்கூடத் தண்ணி நிறுத்த முடியாதாம்.

எடுக்கட்டும். ஏழு வருசமா இதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்.

3.7.1985

கிழவி மறந்துட்டான்னு எவனும் நினைக்க வேணாம். எழுதியே வைக்கிறேன்.

1978 ஆடி. மாரியம்மன் கோயில் கூழ் நான் காய்ச்சினது. பைப்புத் தண்ணிதான். நாலாம் நாள் தோட்டத்து ஆளுங்க வீட்டு வரிசை, லயம் முழுக்க வாந்தி பேதி. பதினேழு பேரை லோரியில ஏத்தி பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. காளியம்மா மக செல்வி மட்டும் திரும்பி வரலை. ஒன்பது வயசு.

தோட்டத்து ஆபீசுப் பெரிய கிராணி நவமணி, காலையில ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துல அத்தனை பேர் முன்னால நின்னு சொன்னான்: "தொட்டி போன மாசந்தான் கழுவினது. இருளாயி ஆத்துத் தண்ணியில கூழ் காய்ச்சியிருக்கா. சந்தேகம்னா தொட்டி கழுவின அவ புருசனையே கேளுங்க." வீட்டுக்காரர் ஆமான்னு தலையை ஆட்டினார். கழுவினவர் வேற என்ன சொல்லுவார்?

அன்னையோட எல்லாம் நின்னது. என் கையால ஒருத்தரும் பச்சத்தண்ணி வாங்கினதில்ல. காளியம்மா என் வாசல்ல மண்ணை வாரித் தூத்தினா. அவளைத் திட்டல, பெத்த வயிறு. மருமக பேத்தியைத் தூக்கிட்டு சிலிம் ரிவர்ல தாய் வீட்டுக்கே போயிட்டா.

தொட்டி மூடியில வலை கிழிஞ்சு கிடந்ததை என் கண்ணால பார்த்திருக்கேன். முசாங், மரநாய் ஏதாச்சும் உள்ளே விழுந்து செத்திருக்கும். அதை மறைக்கத்தான் நவமணி என் தலையில கட்டினான். அடியில ஒரு எலும்பு கிடைக்கட்டும், அப்புறம் பாரு அவனை.

"ஏன்லா திரும்பக் கிண்டுற? செத்த பிள்ளை எழுந்து வரப்போகுதா?" என்கிறார் வீட்டுக்காரர். ராத்திரி சோறும் திங்கலை.

4.7.1985

ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒரு சீனன். இன்னொருத்தன் சிக்கந்தர், நம்ம பேச்சுதான் பேசுறான். ரப்பர் சட்டையை குளோரின் ட்ரம்முல ஊற வச்சு, அதுக்கப்புறந்தான் மாட்டுறாங்க. பக்கத்துல நின்னா கண்ணு எரியுது.

பொம்பளைங்க விடலை. "தம்பி, குடிக்கிற தண்ணி. உள்ளே ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வே?"

"அக்கா, நான் குளிச்சதைவிட இந்தச் சட்டை அதிகமா குளிச்சிருக்கு. என்னை நம்ப வேணாம், இதை நம்புங்க."

சிக்கந்தருக்குப் பாலில்லாம கட்டங்காப்பி கொண்டு போய்க் கொடுத்தேன். பைப்படியிலிருந்து காளியம்மா சத்தம் போட்டா: "அந்தக் கையால வாங்காதீங்க தம்பி!" அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஊதி ஊதிக் குடிச்சான்.

"எலும்பு கிடைச்சா எனக்குக் காட்டு."

"மேனேஜர்கிட்டதான் குடுக்கணும் பாட்டி."

"குடுலா. எனக்குக் காட்டிட்டுக் குடு."

5.7.1985

வெறும் சேறுதான். கரி மாதிரி, ஓடையில போய்க் கொட்டுது. நவமணி கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னான். பொத்திக்கோ.

6.7.1985

கிடைச்சது. கையகல மண்டை ஓடு, பல்லோட. முசாங்தான். ஒண்ணு இல்ல, மூணு. சாக்குல பரப்பி வச்சு லயத்தையே கூப்பிட்டேன். காளியம்மாவும் வந்து தள்ளி நின்னா.

நவமணி சொல்றான்: "இதெல்லாம் 78க்குப் பிந்தி விழுந்தது."

அப்பதான் சிக்கந்தர், பாவம், ஒண்ணும் தெரியாம வாயைத் திறந்தான். "இல்ல சார், ரொம்ப வருசச் சேறு. தொட்டி கழுவினவன் அடிச்சுவத்துல ஆணியால வருசம் கீறியிருக்கான். 69லிருந்து 75 வரைக்கும். எல்லாம் முழங்கால் சேத்துக்கு அடியில. 76, 77, 78 மட்டும் மேலே, மூடிக்குக் கீழே, வெளியே குனிஞ்சு கையை விட்டா எட்டுற இடத்துல. மூணு வருசமும் எறங்காமலே எழுதியிருக்கான், அதுக்கப்புறம் எழுதவே இல்ல. யாரு அந்தக் கெட்டிக்காரன்?"

எழுதினது யாருன்னு தோட்டத்துக்கே தெரியும். நவமணி என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

எலும்பை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்.

7.7.1985

வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கிராணிதான் சொன்னான். மேனேஜர் துரை பங்களா மூணு நாள் தண்ணியில்லாம இருக்க முடியாது, குளோரினைக் கொட்டு, வருசத்தைக் கீறிட்டு வான்னான். சொல்லியிருந்தா வேலை போயிருக்கும், லயத்தை விட்டே துரத்தியிருப்பான்."

அப்ப நான்? ஏழு வருசமா நான்? ஊரே என்னைப் பிள்ளையைக் கொன்னவள்னு சொல்லும்போது இதே கட்டில்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?

முட்டியைத் தடவிக்கிட்டு இருந்தது அந்த மனுசன்.

தப்பான ஆளையா வெறுத்தேன்? இல்ல. நவமணிக்கு வச்சிருக்கிறதுல ஒரு பிடி குறையாது. இன்னொரு ஆள் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். என் வயித்துல இடமிருக்கு.

8.7.1985

நான் ஆக்கினதைத் திங்குறாரு. எப்படித்தான் தொண்டையில இறங்குதோ.

14.7.1985, ஞாயிறு

காலையில பைப்படியில எல்லாரும் இருக்கிற நேரமாப் பார்த்து, வீட்டுக்காரரை "நடங்க"ன்னேன். நடந்தாரு. காளியம்மா முன்னால நிறுத்தினேன். சொன்னாரு. மூணு வருசத்தையும் சொன்னாரு, நவமணி பேரையும் சொன்னாரு.

காளியம்மா கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. "செல்வியை லோரியில தூக்கி ஏத்தினது நீங்கதானே அண்ணே?" ன்னு மட்டும் கேட்டா.

அங்கேயே மண்ணுல உட்கார்ந்துட்டாரு. நான் தூக்கி விடலை.

16.7.1985

யூனியன்காரங்க வியாழக்கிழமை ஆபீசுக்கு வராங்க. நவமணி லீவு போட்டுட்டானாம். போடட்டும். அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் சாகமாட்டேன்.

17.7.1985, ஆடி ஒண்ணு

மத்தியானம் காளியம்மா வந்தா. கூப்பிடாமலே உள்ளே வந்து அடுப்படியில உட்கார்ந்தா. "தண்ணி குடு, இருளாயி." குடுத்தேன். அடி வரைக்கும் குடிச்சா. செம்பைக் கையில வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தா.

அவ போன பிறகு வீட்டுக்காரர் வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "எனக்கும் கொஞ்சம்."

பானையைக் காட்டினேன்.

கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தான் தானே மோந்து குடிச்சாரு.