வாஞ்சூர் வீரன், இரண்டாம் பாகம்

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நெடுங்காட்டு விவசாயிகளைக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். மூன்று பத்தி. நாளை ஒரு பத்தியாக வரும். ஒவ்வோர் ஆண்டும் இதே செய்தி, இதே வெயில். ஆட்களின் பெயர்தான் மாறுகிறது. சில ஆண்டு அதுவும் மாறுவதில்லை.

வீட்டுக்கு வந்தால் கீர்த்திகா உட்கார்ந்திருக்கிறாள். விழிதியூர்ப் பெண், கல்யாண வீடியோ எடுப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரை வைத்து 'வாஞ்சூர் வீரன்' எடுத்து யூடியூபில் போட்டாள். ஊரே பார்த்தது, பாரிஸிலிருந்துகூடப் போன் வந்தது. வீரன் பறப்பான், லாரியைத் தூக்குவான். எல்லாம் காரைக்கால் எல்லைக்குள்தான். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அவன் சக்தி செல்லாது. தொப்பென்று வாய்க்காலில் விழுவான். அதற்குப் பிறகு அவனிடம் மிச்சம் இருப்பது வாய்தான். "ஒரு நிமிஷம் தம்பி, உக்காரு" என்று ஆரம்பித்தால் எதிரி தூங்கி விழும்வரை பேசுவான்.

இவர் அதற்காக நடிக்கவே இல்லை. வீட்டில் பேசுவதைத்தான் அங்கேயும் பேசினார். அடைக்கலராஜ் மைக் செட் என்றால் கோயில் திருவிழாவிலிருந்து கல்யாணப் பந்தல்வரை இவர் குரல்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் இவரிடம் அதிகம் சொன்ன வாக்கியம்: "கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்."

போன நவம்பரில் புதுச்சேரியில் ஆப்பரேஷன். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக. ஆள் பிழைத்தார். அந்த வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

"ரெண்டாம் பாகம் எடுப்போம்ணே. வசனத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் கீர்த்திகா.

மேசையில் டம்ளரால் ஒரு தட்டு தட்டினார். ஒன்று என்றால் சரி.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

இரண்டு தட்டு என்றால் நான். மூன்று என்றால் டீ. இன்று நான்கு கேட்டது. என்னவோ ஏதோ என்று ஓடினால், பீரோ கண்ணாடி முன் வீரன் உடையில் நிற்கிறார். முதல் பாகத்தில் தொப்பைமேல் பட்டன் போடுவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அதுவே ஒரு காட்சி. இப்போது சட்டை கொடியில் காய்வதுபோல் தொங்குகிறது. தலையணையைக் காட்டினார். வயிற்றில் வைத்துக் கட்டிவிட்டேன்.

அவர் சிரித்தார். சத்தமில்லாமல்.

ஜூன் 17, செவ்வாய்

அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த மெஷின் கையில் பட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்து உதட்டை அசைத்தால் எந்திரக் குரல் வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தை மாதத்தில் அதை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். கடையில் நின்ற குழந்தை வீறிட்டு அழுதது. வந்து பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தவர் பிறகு தொடவில்லை. நானும் வைத்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கீர்த்திகா தனியாக என்னைப் பார்க்க வந்தாள்.

"நெடுங்காட்டுல கலைவாணன்னு ஒருத்தரு இருக்காருக்கா. மிமிக்ரி. யார் குரல்னாலும் ஒரு நாள் கேட்டா போதும். அண்ணன் வாய மட்டும் அசைக்கட்டும், அவரு பேசிடுவாரு. அண்ணன் குரல் உங்ககிட்ட இருக்குமே?"

இருக்கிறது. கூட்டத்தில் பேசுகிறவர்களைப் பதிவு செய்வது என் தொழில். மேடையில் அமைச்சர் பேசுவதற்கு முன்னால் இவர் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொல்லியிருப்பார். தொலைந்த செருப்பு, தொலைந்த பிள்ளை என்று அறிவித்திருப்பார். எல்லாம் அதிலேயே விழுந்து கிடக்கிறது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேனா? இல்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதுதான்.

ஜூன் 28, சனி

வாஞ்சூரில் படப்பிடிப்பு. வில்லனாக நெய்னா முகம்மது அண்ணன், மீன் ஐஸ் வியாபாரி. இந்தப் பாகத்தில் அவர் நெடுங்காட்டு மதகையே பெயர்த்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுகிறார். வீரன் துரத்திப் போய் வாய்க்காலில் விழ வேண்டும்.

வாய்க்கால் காய்ந்து கிடப்பது இந்தக் காட்சிக்கு முக்கியம். இவர் கழுத்துத் துளையில் தண்ணீர் போனால் ஆபத்து. வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். "ஆண்டவா, இன்னும் ரெண்டு நாளைக்குத் தண்ணி வரக் கூடாது" என்று கீர்த்திகா வேண்டிக்கொண்டாள். அவள் அப்பா நாற்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கிறார். அவரைப் பேட்டி எடுத்து எழுதியவளே நான்தான்.

மூன்று தடவை விழுந்தார். மூன்றும் நன்றாக விழுந்தார். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் நின்றுவிட்டன. ஒரு டிரைவர் இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீரன் சார்! ஒரே ஒரு தடவ 'ஒரு நிமிஷம் தம்பி' சொல்லுங்க சார். எம் பொண்ணுக்கு அனுப்பணும்."

இவர் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். டிரைவருக்குப் புரியவில்லை. நான் போய்ச் சொல்வதற்குள் ஏறிவிட்டார். "ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிடுவாரு? பெரிய ஆளாயிட்டாரு" என்று அவர் கிளீனரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

இவருக்கும் கேட்டிருக்கும். காதில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

விழிதியூரில் கீர்த்திகாவின் அறை. டப்பிங். இவரை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தோம். பஸ் பிடித்து வந்துவிட்டார்.

கலைவாணன் நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு மைக் முன் உட்கார்ந்து, ஒரு செருமு செருமி, "ஒரு நிமிஷம் தம்பி, உக்காரு" என்றார்.

அதே குரல். 'தம்பி'க்கு முன்னால் வருகிற சின்ன மூச்சு உட்பட. என் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இவர் மேசைமேல் இருந்த பென் டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து.

எழுந்து போனார். பஸ் நிறுத்தத்தில் போய்ப் பிடித்தேன். பக்கத்தில் உட்காரவிட்டார். காரைக்கால் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 4, வெள்ளி

வீட்டில் ஒரு தட்டும் இல்லை. டீக்குக்கூட.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குத் தனியாகப் போய் வந்தேன். திரும்பும்போது கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த மெஷின். பேட்டரி போட்டிருந்தார்.

"மேரி. என் குரல. அவன்கிட்ட. குடுக்க. நீ யாரு."

கோபம்தான். முகமெல்லாம் கோபம். ஆனால் மெஷினுக்குக் கோபம் தெரியாது. ரயில் வரும் நேரம் சொல்வதுபோல் சொல்கிறது. நான் என்ன சொல்வேன்? தப்புங்க, ஆசைல செஞ்சுட்டேன், கேக்கணும்போல இருந்துச்சு, நீங்க இல்லாத மாரி இருக்கு இந்த வீடு — என்னவெல்லாமோ உளறினேன்.

"நான். இங்கதான. இருக்கேன்."

அதற்குள் அடுத்த வீட்டு நாய் சுவரோரம் வந்து குரைக்க ஆரம்பித்தது. தெருவில் யார் அதட்டினாலும் அடங்காத நாய். இவர் கழுத்தில் மெஷினை வைத்தபடியே திரும்பினார்.

"ஏய். சும்மா. இரு."

நாய் காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவர் என்னை முறைத்தார். பிறகு நாயைப் பார்த்தார். "எந்திரி" என்றார். எழுந்தது. "உக்காரு" என்றார். உட்கார்ந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது இவருக்கு. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, ஒருவர் சத்தமாகவும் ஒருவர் சத்தமில்லாமலும் சிரித்தோம். நடுவில் நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் சொன்னார்: "கீர்த்திகாவ. வரச் சொல்லு."

ஜூலை 8, செவ்வாய்

கீர்த்திகா, நெய்னா அண்ணன், இருவரும் வந்தார்கள். மிமிக்ரி வேண்டாம், வீரன் மெஷினில்தான் பேசுவான் என்று இவரே மெஷினில் சொன்னார். கீர்த்திகா முகம் வாடிவிட்டது.

"ஜனங்க சிரிப்பாங்களேண்ணே."

"யாம்மா, நீ என்னா அழுவுற படமா எடுக்குற?" என்றார் நெய்னா அண்ணன்.

"அது இல்லங்க மாமா. கதைய பாத்துச் சிரிக்கிறது வேற, அண்ணன பாத்துச் சிரிக்கிறது வேற."

அவள் சொன்னதுதான் என் பயமும். குழந்தை அழுததற்கே பல மாதம் வெளியே பேசாதவர். ஊரே கூடியிருக்கும் இடத்தில் ஒரு ஆள் தப்பாகச் சிரித்தால் மெஷின் மறுபடியும் அலமாரிக்குப் போகும். அதற்கப்புறம் அதை வெளியே எடுக்க ஒரு நாயும் உதவாது.

இவர் டம்ளரால் ஒரு தட்டு தட்டினார். பேச்சு முடிந்தது.

ஜூலை 10, வியாழன்

மாங்கனித் திருவிழாவில் பழம் இறைப்பு. கூட்டத்தில் என் தலையில் ஒரு பழம் விழுந்தது. செய்தியில் சேர்க்க முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

எல்லைக் காட்சியைத் திரும்ப எடுக்க வாஞ்சூர் போனோம். போனால், வாய்க்காலில் தண்ணீர். கடைமடைக்கு வந்தேவிட்டது. நான் கேட்டுக் கேட்டு எழுதிய தண்ணீர். கீர்த்திகா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"இனிமே எங்கக்கா விழ வைக்கிறது? ரோட்டுல விழுந்தா அடிபடும். விழாம எப்புடி சக்தி போனத காட்டுறது?"

இவர் செக்போஸ்ட்டுக்கும் வாய்க்கால் மதகுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெஷினை எடுத்தார்.

"விழல. நடந்து. போறேன். கேமராவ. போடு."

எடுத்தார்கள். கலைவாணனும் வந்திருந்தார்; வெயிலில் இவருக்குக் குடை பிடித்தார். நெய்னா அண்ணன் வசனத்தை மறந்து மறந்து சிரித்தார். ஆனால் அவர் நண்பர். நண்பர்கள் சிரிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பங்குக் கோயில் மண்டபத்தில் படம் போட்டார்கள். நாற்காலி போதாமல் பாயும் விரித்திருந்தது. மைக் செட் இவருடையதுதான். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீரன் முதல் முறை மெஷினை எடுத்துப் பேசினான். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். அவள் அம்மா, "உஷ், பாவம்டி" என்றாள்.

சிரிப்பார்கள் என்றுதானே பயந்தேன். இது அதைவிட மோசம். இத்தனை பேர் கூடி உட்கார்ந்து பரிதாபப்படுகிறார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தார். எழுந்து போய்விடுவாரோ? கையைப் பிடித்தேன்.

பிறகு நாய் வந்தது. அடுத்த வீட்டு நாயேதான். போலீஸ், வில்லன், ஊர் எல்லோரும் அதட்டியும் அடங்காமல் குரைக்கிறது. வீரன் திரும்பி, "ஏய். சும்மா. இரு" என்றான். அது உட்கார்ந்தது. எங்கோ பின்னால் ஓர் ஆள் தாங்க மாட்டாமல் வெடித்துச் சிரித்தார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர். அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் செக்போஸ்ட். போன பாகம் பார்த்தவர்கள் எல்லோரும், "இப்ப விழுவான் பாரு" என்றார்கள். வீரன் விழவில்லை. சக்தி போய்விட்டது, காற்றில் பறந்த முதுகுத் துணி அடங்கிவிட்டது, தலையணை நழுவி வயிறும் போய்விட்டது. வெறும் ஆளாக எல்லையைத் தாண்டி நடந்தான். வில்லன் மதகைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான்: "இங்கதான் உன் பவரு செல்லாதேடா!"

வீரன் இடுப்பிலிருந்து மெஷினை எடுத்துக் கழுத்தில் வைத்தான்.

"ஒரு. நிமிஷம். தம்பி. உக்காரு. இது. தமிழ்நாட்டுலயும். வேல. செய்யுது."

மண்டபம் இடிந்துவிடும்போல் இருந்தது. அதற்கப்புறம் வீரன் பேசிக்கொண்டே போனான், வில்லன் கொட்டாவி விட்டான், மதகு திரும்பி வந்தது, நெடுங்காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது நிமிர்ந்தார் என்று தெரியவில்லை. நிமிர்ந்திருந்தார்.

முடிந்ததும் அந்தச் சிறுமி வந்து, "தாத்தா, என்னய சும்மா இருன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னார். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

செப்டம்பர் 3, புதன்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குப் பங்கில் மோர்ப் பந்தல். காலையிலிருந்து மைக்கில் இவர்தான். ஒரு கையில் மைக், ஒரு கையில் மெஷின். பச்சைப் பை தவறவிட்டவர், திருச்சியிலிருந்து வந்த குழுவினர், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர் என்று ஒருவரையும் விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்று நடவு பற்றி எழுத உட்கார்ந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு செருப்புக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். யார், எந்த ஊர், எந்தக் காலில் எந்தச் செருப்பு. எனக்கு முதல் பத்தியே வரவில்லை.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்றேன்.

சொல்லிவிட்டு நானே நிமிர்ந்து பார்த்தேன். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார்.