ஒரு ‘ங்க’ குறைந்தது

கோவை, 9.7.96

அன்புள்ள அம்மணிக்கு,

செவ்வாய்க்கிழமைப் பேப்பரைப் படித்திருப்பாய். ஆற்றில் கழிவைத் திறந்துவிட்ட அந்தச் சாயப்பட்டறை நம் பேப்பர் முதலாளியின் சம்பந்தியுடையது.

முந்தின நாள் சாயங்காலமே முதலாளி என் மேஜைக்கு வந்து, “சாயக்கழிவுன்னு வேண்டாமுங்க, கலங்கல் தண்ணின்னு போட்டுருங்க” என்றார். “கலங்கல் மழைக்குத்தானுங்க வரும். இது செவப்பா ஓடுதுங்க” என்று சொல்லிவிட்டு, எழுதியபடியே அச்சுக்கு அனுப்பினேன்.

இன்று காலை கூப்பிட்டார். பதினோரு வருஷம் என்னை ஆசிரியராக வைத்திருந்தவர், முதல்முறையாக ‘ங்க’ போடாமல் பேசினார். நான் ஒரு ‘ங்க’வைக்கூட விடவில்லை.

நீ இப்போது கோவைக்குக் கிளம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே கோபிக்கு வருகிறேன். அகராதியையும் சிவப்புப் பேனாவையும் பைக்குள் எடுத்து வைத்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் அப்பா கேட்டால் லீவு என்று சொல்லாதே. சாயத்தைச் சாயம் என்று எழுதிவிட்டு, நம் வீட்டில் பூசி மெழுக வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்