பேரிங்கில் குறையில்லை

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பூனை மூவரும் நலம். அதிலும் பூனைக்கு நலம் கொஞ்சம் கூடுதல், அதற்கு வேலை கிடையாது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் உன் அம்மா என்னை நிம்மதியாக விடுவாள்.

நீ அனுப்பிய எலக்ட்ரானிக் பாட்டு வந்து சேர்ந்தது. பதினெட்டு நிமிஷம், பாடுகிற ஆள் கிடையாது, நாலு நிமிஷமாக வெட்டிக் கொடுத்தால்தான் வெளியிடுவோம் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள், வெட்டட்டுமா அப்பா என்று கேட்டிருந்தாய். சினிமாப் பாட்டைக்கூடச் சுருதி தப்பி முணுமுணுக்கிற வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டாய், எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கடையில் போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஓடவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பத்தை நீ அவ்வளவு மெதுவாக வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? சத்தத்தை முழுசாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, வராது போலிருக்கிறது என்று ரிப்பேருக்கு வந்திருந்த பல் டாக்டரம்மாவின் வாஷிங் மெஷினை ஓட்டிக் காட்டப் போய்விட்டேன். அவரும் பக்கத்திலேயே நிற்கிறார், அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்புகிறது. சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் ஆயிற்றே, காதைச் சாய்த்து, பேரிங் போச்சு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தினால் உறுமல் நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினால் இன்னும் பெரிதாகிறது. பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டை உருவி, தலையை உள்ளே விட்டுத் தேடும்போதுதான் உறுமலுக்கு மேலே அந்த மெல்லிய ராகம், சோப்பு நுரையில் வண்ணம் ஓடுகிற மாதிரி நெளிந்து வந்தது. டாக்டரம்மா, மெஷின் பாடுதே என்றார். தலையை வெளியே எடுத்து, அது என் பொண்ணுங்க என்றேன். மனுஷி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். க்ளினிக்கில் எத்தனை பேர் திறந்த வாயோடு காத்திருந்தார்களோ.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. உன்னை மாதிரியே பாட்டுப் போடுகிறவர்கள் என்று நீ சொன்ன மற்றவர்களையும் தேடித் தேடிக் கேட்கிறேன். ஒருத்தர் ஒரே தாளத்துக்குச் சட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் அதை மாப்பிள்ளையாக்கிவிடுகிறார். இன்னொருத்தி, ரயில் போன பிறகு தண்டவாளத்தில் மிச்சமிருக்கிற அதிர்வை வைத்தே ஒரு வீடு கட்டிவிட்டாள். இந்த வயதில் எனக்குப் புதிதாக ஒரு காது முளைத்திருக்கிறது. உன் இன்சூரன்ஸ் மாமாவுக்கும் ஒன்றைப் போட்டுக் காட்டினேன், இதற்கு சைக்கடெலிக் என்று பெயர் என்றதும், எத்தனை நாளாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்றார். போகும்போது ரகசியமாகப் பாட்டின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அத்தையிடம் சொல்லிவிடாதே.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மா முதலில் கம்பெனிக்காரர்கள் கட்சி. பிள்ளை இதற்காக இருந்த வேலையை விட்டிருக்கிறாள், நாலு நிமிஷமாவது வெளியே வரட்டுமே என்றாள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. அதனால் அவள் காய் நறுக்கும்போது, அவர்கள் கேட்கிற நாலு நிமிஷத்தை மட்டும் போட்டேன். நல்லாத்தான் இருக்கு என்று நறுக்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் முதலிலிருந்து போட்டேன். இன்னும் ஆரம்பிக்கலையா என்று இரண்டு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. அந்த ராகம் வந்த இடத்தில் கத்தி நின்றுவிட்டது. "நேத்து இது சும்மா வந்துச்சுங்க. இன்னைக்கு எங்கிருந்தோ நடந்து வருது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழி போட்டாள், நறுக்கியது கேரட். பிறகு, "வெட்ட வேணாம்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் போனால் போகட்டும், உன் அறையை அம்மா இன்னும் பூனைக்குக்கூட விடவில்லை.

நன்றாக இரு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். ஹெட்போனோடு ரோட்டைக் கடக்காதே. டாக்டரம்மாவின் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை, மாட்டி முடித்தபின் மீந்த ஒரு ஸ்க்ரூதான் எங்கே போவது என்று தெரியாமல் என்னோடு விழிக்கிறது. அதற்காக அவர் மறுபடி வருவார், வரும்போது முழுப் பாட்டையும் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிடாதே.

புதுக் காது முளைத்த
உன் அப்பா